கணவாயிலிருந்து கம்பி வரை: திருநெல்வேலிச் சீமையில் ஒரு காற்றாலையை நிறுத்துவது எப்படி?

பணகுடிப் பக்கம் காற்றாலைப் பராமரிப்பு வேலை பார்த்த காலத்தில், டவருக்குக் கீழே ஆடு மேய்க்க வரும் ஒரு அண்ணாச்சி அடிக்கடி ஒரே கேள்வியைக் கேட்பார். "தம்பி, எல்லாக் காத்தாடியும் சுத்துது, அது மட்டும் சும்மா நிக்கே, ஏன்?" ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிடுவோம். ஆனால் அந்தக் கேள்விக்கு முழுப் பதில் சொல்ல வேண்டுமென்றால், காற்றை அளப்பதிலிருந்து கம்பியில் மின்சாரம் ஏறுவது வரை எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். நிலம் கொடுக்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கும், டிப்ளமோ முடித்துவிட்டு இந்த வேலைக்கு வரப் பார்க்கும் பிள்ளைகளுக்கும் அதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: காற்று வரும் வாசலைத் தெரிந்துகொள்ளுங்கள்

மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு நீண்ட சுவர். அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று அதில் முட்டி ஏறி, மழையைக் கேரளத்துப் பக்கம் கொட்டிவிடுகிறது. சுவரில் இடைவெளி உள்ள இடங்களில் மட்டும் காற்று நெருக்கியடித்து வேகமாக வெளியே வருகிறது. தமிழ்நாட்டுக்கு இப்படி மூன்று பெரிய வாசல்கள் உண்டு: பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி. இவற்றில் இரண்டு நம் சீமைக்கு உரியவை. செங்கோட்டைக் கணவாய் வழியாக வருவது தென்காசி, சுரண்டை தாண்டிக் கயத்தாறு வரை வீசும். ஆரல்வாய்மொழி வழியாக வருவது முப்பந்தல், காவல்கிணறு, பணகுடி, ராதாபுரம் என்று விரியும். இன்று இந்த ஊர்கள் நான்கு மாவட்டங்களில் பிரிந்து கிடக்கின்றன. வேலை செய்கிறவர்களுக்கு இது ஒரே காற்றுச் சீமைதான்.

குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்கள்தான் காற்றாலைக்கும் சீசன். வைகாசியில் தொடங்கிப் புரட்டாசி வரை மேற்கிலிருந்து இடைவிடாமல் அடிக்கும். ஐப்பசியில் வாடைக்காற்று திரும்பினால் திசையும் மாறும், வேகமும் குறையும். ஓர் ஆண்டின் உற்பத்தியில் பெரும்பகுதி அந்த ஐந்து மாதங்களிலேயே கிடைத்துவிடும். அதனால்தான் சீசனில் ஒரு இயந்திரம் ஒரு வாரம் நின்றாலும் உரிமையாளருக்கு வயிற்றைக் கலக்கும். மார்கழியில் ஒரு மாதம் நின்றாலும் அவ்வளவாகக் கவலைப்பட மாட்டார்.

காட்டில் நடக்கும்போது உடைமரங்களைக் கவனியுங்கள். எல்லாம் கிழக்குப் பக்கமாகச் சாய்ந்தே வளர்ந்திருந்தால், அங்கே பல ஆண்டுகளாக ஒரே திசையில் காற்று அடிக்கிறது என்று பொருள். இது ஒரு துப்பு மட்டும்தான். மரத்தைப் பார்த்து யாரும் கோடிகளைப் போட முடியாது.

இரண்டாம் படி: ஓர் ஆண்டாவது அளந்து பாருங்கள்

ஒல்லியான கம்பி டவர் ஒன்றை நட்டு, வெவ்வேறு உயரங்களில் கிண்ண வடிவ வேகமானிகளையும் திசைகாட்டிகளையும் பொருத்துவார்கள். வெப்பத்தையும் காற்றழுத்தத்தையும் கூடவே பதிவு செய்வார்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு சராசரி என்று ஓர் ஆண்டு முழுக்கப் பதிவு நடக்கும். சீசனில் மட்டும் அளந்தால் கணக்கு ஏமாற்றிவிடும்.

இந்தியாவில் இந்த அளவீட்டுக்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் அன்னா மணி. பீர்மேட்டில் பிறந்த வானிலை அறிவியலாளர். வானிலைத் துறைக் கருவிகளை இந்தியாவிலேயே தரப்படுத்திச் செய்ய வைத்தவர், ஓய்வுக்குப் பிறகு நாடு முழுக்கக் காற்று வேகத்தை அளந்து தொகுக்கும் பணியைப் பெங்களூரிலிருந்து நடத்தினார். நம் ஊர்க் காற்றாலைகளைப் பற்றிப் பேசும்போது அவர் பெயரை யாரும் சொல்வதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

ஏன் இவ்வளவு கவனமாக அளக்க வேண்டும்? காற்றில் உள்ள ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்கு. காற்றாலைப் பொறியியலில் ஒன்றை மட்டும்தான் மனப்பாடம் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

ஓர் உதாரணம். இரண்டு இடங்களிலும் சராசரி வேகம் நொடிக்கு 6 மீட்டர். முதல் இடத்தில் எப்போதும் சீராக 6. இரண்டாவது இடத்தில் பாதி நேரம் 2, பாதி நேரம் 10. சராசரி ஒன்றுதான். மும்மடி எடுத்துப் பாருங்கள்: முதல் இடத்துக்கு 216, இரண்டாவது இடத்துக்கு 8-க்கும் 1000-க்கும் நடுவில் 504. அதே சராசரி, இரண்டு மடங்குக்கு மேல் ஆற்றல்! ஆடியில் அடித்துத் தள்ளிவிட்டுப் பங்குனியில் படுத்துக்கொள்ளும் நம் காற்று இந்த இரண்டாவது வகைதான். ஆகவே தரகர் யாராவது ஆண்டுச் சராசரியை மட்டும் காட்டினால், எந்த வேகம் எத்தனை மணி நேரம் வீசியது என்ற பட்டியலைக் கேளுங்கள். அது இல்லாத அளவீடு அரைகுறை.

மூன்றாம் படி: இயந்திரத்தைத் தேர்ந்தெடுங்கள்

சுற்றுவட்டத்தின் விட்டம் 82 மீட்டர், டவர் உயரம் சுமார் 80 மீட்டர், திறன் 1.5 மெகாவாட் உள்ள ஓர் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். இறக்கைகள் வீசும் வட்டத்தின் பரப்பு 5,281 சதுர மீட்டர், அதாவது ஒன்றேகால் ஏக்கருக்கும் மேலே. நம் வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.16 கிலோ. நொடிக்கு 8 மீட்டர் காற்று அடித்தால் அந்த வட்டத்துக்குள் நுழையும் ஆற்றல் சுமார் 1,568 கிலோவாட்.

அதை முழுதாக எடுக்க முடியுமா? முடியாது. எல்லாவற்றையும் உறிஞ்சிவிட்டால் காற்று இறக்கைக்குப் பின்னால் அப்படியே நின்றுவிடும், பின்னால் வரும் காற்றுக்கு வழி இருக்காது. 27-ல் 16 பங்கு, அதாவது 59.3 சதவீதம்தான் உச்ச எல்லை என்று ஜெர்மனியின் ஆல்பர்ட் பெட்ஸ் நூறாண்டுக்கு முன்பே கணக்குப் போட்டுக் காட்டினார். கியர், ஜெனரேட்டர் இழப்புகளையும் கழித்து 42 சதவீதம் கிடைப்பதாக வைத்தால் நமக்கு வருவது சுமார் 660 கிலோவாட். காற்று 6-க்குக் குறைந்தால் 280-க்கு இறங்கிவிடும். 10-க்கு ஏறினால் 1,290-ஐ நெருங்கும்.

உயரம் ஏன் முக்கியம்? தரையை ஒட்டிய காற்று மரத்திலும் கட்டடத்திலும் உரசி வேகம் இழக்கிறது. திறந்த வெளியில் 30 மீட்டரிலிருந்து 80 மீட்டருக்கு ஏறினால் வேகம் ஏறத்தாழ 15 சதவீதம் கூடும். மும்மடியில் பார்த்தால் ஆற்றல் ஒன்றரை மடங்கு. 1986-இல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் வைத்தவை ஒவ்வொன்றும் 55 கிலோவாட் இயந்திரங்கள். 90-களில் முப்பந்தலை நிரப்பியவற்றில் 225, 250 கிலோவாட் வகைகள் நிறைய, டவரும் 30 மீட்டர் அளவில்தான். நல்ல காற்றுள்ள இடங்களை எல்லாம் இந்தச் சின்ன இயந்திரங்கள் பிடித்துக்கொண்டுவிட்டன. அவற்றை எடுத்துவிட்டுப் பெரியதை வைப்பதற்காகத்தான் தமிழக அரசு 2024-இல் தனிக் கொள்கையே வெளியிட்டது. அது வேகமாக நடக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இருப்பதிலேயே நல்ல காற்றை இருப்பதிலேயே சின்ன இறக்கையால் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்றும் பாருங்கள். சர்வதேசத் தரத்தில் காற்றாலைகளுக்கு வகுப்புகள் உண்டு. முதல் வகுப்பு ஆண்டுச் சராசரி நொடிக்கு 10 மீட்டர் வரை தாங்கும், இரண்டாவது 8.5 வரை, மூன்றாவது 7.5 வரை. மூன்றாம் வகுப்பு இயந்திரத்துக்கு இறக்கை நீளம், மென்காற்றிலும் நன்றாக ஓடும். அதைக் கணவாயின் வாசலிலேயே கொண்டுபோய் வைத்தால் முதல் சீசனில் யூனிட் கொட்டும், அப்புறம் ஒவ்வொன்றாகப் பழுது வரும்.

நான்காம் படி: இடம் குறித்து அடித்தளம் போடுங்கள்

சுற்றும் காற்றாலைக்குப் பின்னால் காற்று களைத்துப்போய்க் குழம்பி ஓடும். அதற்குள் அடுத்த இயந்திரத்தை வைத்தால் உற்பத்தியும் போகும், இறக்கையும் அடி வாங்கும். காற்றின் திசையில் விட்டத்தைப் போல ஏழு மடங்கு, குறுக்கே ஐந்து மடங்கு இடைவெளி என்பது பழைய பொதுக் கணக்கு. நம் 82 மீட்டருக்கு 574 மீட்டரும் 410 மீட்டரும் வரும். மேற்குக்காற்றுக்குக் குறுக்கே, வடக்கு தெற்காக வரிசைகள் நீள்வதன் காரணம் இதுதான்.

அடித்தளத்தைப் பொறுத்தவரை எடையைத் தாங்குவது சின்ன விஷயம். கவிழாமல் பிடிப்பதுதான் பெரிய வேலை. நொடிக்கு 11 மீட்டர் காற்றில் நம் இயந்திரத்தின் சுற்றுவட்டத்தைக் காற்று சுமார் 30 டன் விசையோடு பின்னுக்குத் தள்ளுகிறது. அந்த விசை 80 மீட்டர் உயரத்தில் செயல்படுவதால் அடியில் 2,400 டன் மீட்டர் கவிழ்ப்பு வேலை செய்யும். எதிர்பாராத சூறைக்கும் நில அதிர்வுக்கும் சேர்த்து இதற்கு மேல் கணக்கிடுவார்கள். அதனால் பதினைந்து மீட்டருக்கு மேல் அகலமுள்ள ஒரு கான்கிரீட் தட்டை மண்ணுக்குள் புதைத்து, மேலே மண்ணையும் போட்டு அமுக்குகிறார்கள்.

மண் இடத்துக்கு இடம் மாறும். பணகுடிப் பக்கம் செம்மண்ணுக்குக் கீழே சீக்கிரமே பாறை வந்துவிடும், அது நல்லது. கயத்தாறுப் பக்கக் கரிசல் வேறு மாதிரி. மழையில் உப்பும், கோடையில் கைநுழையும் அளவுக்கு வெடிக்கும். அங்கே கரிசலை முழுதாகத் தோண்டி எடுத்துக் கெட்டி மண்ணைத் தொட்ட பிறகே வேலை தொடங்க வேண்டும். அது ஆழத்தில் இருந்தால் பைல், அதாவது ஆழமாகப் போகும் கான்கிரீட் தூண்கள், இறக்க வேண்டியிருக்கும். மண் சோதனைக்கு ஆகும் செலவை மிச்சம் பிடிக்க நினைக்கிறவர்களோடு சேர்ந்து வேலை செய்யாதீர்கள்.

சுமார் 300 கன மீட்டர் கான்கிரீட். நடுவில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் கொட்டி முடிக்க வேண்டும், ஐம்பது லாரி மிக்சர் வரிசை கட்டி நிற்கும். இடையில் நின்றால் பழைய கான்கிரீட்டுக்கும் புதியதற்கும் நடுவே ஒரு பலவீனமான மடிப்பு விழுந்துவிடும். நம் வெயிலில் சாயங்காலம் ஆரம்பித்து விடிவதற்குள் முடிப்பதுதான் சரி. 28 நாள் நனைத்து வைக்க வேண்டும். ராதாபுரம் பக்கம் தண்ணீர்ப் பஞ்சத்தில் அதற்கே தனியாக டேங்கர் ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும்.

ஐந்தாம் படி: காற்று வருவதற்குள் தூக்கி நிறுத்துங்கள்

காற்றாலையை நிறுத்தக் காற்று இருக்கக் கூடாது. 40 மீட்டர் இறக்கை கிரேனில் தொங்கும்போது நொடிக்கு 8, 10 மீட்டருக்கு மேல் அடித்தால் வேலையை நிறுத்திவிட வேண்டும். ஆகவே தை முதல் பங்குனி வரைதான் நல்ல காலம். சித்திரை தாண்டினால் ஒவ்வொரு நாளும் விடிகாலையில் ஓரிரு மணி நேரம் கிடைக்குமா என்று காத்திருக்க வேண்டியதுதான்.

தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்தோ தொழிற்சாலையிலிருந்தோ டிரெய்லரில் வரும் இறக்கைக்கு நான்குவழிச் சாலை பிரச்சினை இல்லை. அதை விட்டு இறங்கிய பிறகுதான் பாடு. ஒவ்வொரு முனையிலும் திருப்பம் போதுமா, மின்கம்பியைத் தூக்க வேண்டுமா, பாலம் தாங்குமா என்று ஒரு வாரம் முன்பே நடந்து பார்க்க வேண்டும். வழியில் உள்ள ஊர்க்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கோயில் கொடை நாளில் டிரெய்லரைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு அப்புறம் சமாதானம் பேசுவது கஷ்டம்.

டவர் துண்டு துண்டாக ஏறும். துண்டுகளை இணைக்கும் போல்ட்டுகளைக் குறித்த இழுவிசையில் முறுக்க வேண்டும், சில நூறு மணி நேரம் ஓடிய பிறகு மறுபடி சோதிக்க வேண்டும். தளர்ந்த போல்ட் ஒன்று தன் பாரத்தைப் பக்கத்துப் போல்ட்டுக்குத் தள்ளிவிடும். அது களைத்து உடைந்தால் அடுத்தது.

ஆறாம் படி: உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இறக்கையைக் காற்று முட்டித் தள்ளுவதாகத்தான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது விமான இறக்கை போல வேலை செய்கிறது. மேல்பக்கமும் கீழ்பக்கமும் காற்று வெவ்வேறு வேகத்தில் ஓட, அழுத்த வேறுபாடு இறக்கையை இழுக்கிறது. கண்ணாடி இழையும் எபாக்சியும் ஓடு, உள்ளே பால்சா மரமும் நுரையும், நடுவே முதுகெலும்பு போல ஓர் உத்திரம். 40 மீட்டர் நீளம், எடை ஆறு ஏழு டன்தான். அடி மெதுவாகவும் நுனி வேகமாகவும் போவதால் நீளவாக்கில் முறுக்கி வார்த்திருப்பார்கள். நிமிடத்துக்கு 17 சுற்று என்பது கீழிருந்து பார்க்க நிதானமாகத் தெரியும். நுனியின் வேகமோ மணிக்கு 260 கிலோமீட்டருக்கு மேல்.

அந்த வேகத்தில் தேரிமணலும் தூசியும் நுனியின் முன்விளிம்பை உரசித் தின்னும். திசையன்விளை, இடிந்தகரைப் பக்கம் கடல் உப்பும் சேர்ந்துகொள்ளும். விளிம்பு சொரசொரப்பானால் உற்பத்தி இறங்கும். ஒவ்வொரு சுற்றிலும் இறக்கையின் சொந்த எடை அதை ஒருமுறை இப்படியும் ஒருமுறை அப்படியும் வளைக்கிறது. ஆண்டுக்கு 6,000 மணி நேரம் ஓடினால் 20 ஆண்டில் 12 கோடி வளைவுகள். பாலமோ கட்டடமோ இப்படி ஒரு பாட்டை அனுபவிப்பதில்லை.

மூன்று இறக்கைகளும் ஹப் என்ற நடுக்குமிழில் பிடிக்கப்பட்டிருக்கும். அதன் சுழற்சி முதன்மைத் தண்டு வழியாகக் கியர்பாக்ஸுக்குள் போகிறது. நம் மின்கட்டம் 50 ஹெர்ட்ஸ். நான்கு துருவ ஜெனரேட்டர் அதற்கு 1,500 சுற்றில் ஓட வேண்டும். 17-ஐ 1,500 ஆக்கக் கியர்பாக்ஸ் ஏறத்தாழ 88 மடங்கு பெருக்குகிறது. அதிகம் வேலை வைக்கும் உறுப்பு இதுதான், இதன் எண்ணெயில் இரும்புத் துகள் வந்தால் அலட்சியம் வேண்டாம். கியரே இல்லாமல், பெரிய வட்ட ஜெனரேட்டரை மெதுவாகச் சுற்றி மின்னணு மாற்றியால் 50 ஹெர்ட்ஸ் ஆக்கும் வகையும் உண்டு. கியர்த் தொல்லை இல்லை, டவர் உச்சியில் இவையெல்லாம் இருக்கும் தலையின் பாரம் கூடும்.

வேகம் 3, 3.5 மீட்டரைத் தொட்டதும் உற்பத்தி தொடங்கும். 11, 12-இல் முழுத் திறன். அதற்கு மேல் காற்று கூடினால் மிச்சத்தை வேண்டுமென்றே நழுவ விட வேண்டும், இல்லையென்றால் ஜெனரேட்டர் எரியும். ஒவ்வொரு இறக்கையையும் அதன் அச்சில் திருப்பிக் காற்றை நழுவவிடும் வேலைக்குப் பிட்ச் என்று பெயர். 25 மீட்டர், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டர் வந்துவிட்டால் இறக்கைகள் முழுதாகத் திரும்பி இயந்திரம் ஓய்வெடுக்கும். கரண்ட் போனாலும் இறக்கை திரும்பியாக வேண்டும் என்பதால் ஹப்புக்குள்ளேயே பேட்டரியோ எண்ணெய் அழுத்தச் சேமிப்போ இருக்கும். பராமரிப்பில் நான் முதலில் சோதிப்பது இதைத்தான். இது வேலை செய்யாவிட்டால் கட்டுப்பாடற்ற சுற்றைப் பிரேக்கால் மட்டும் நிறுத்த முடியாது.

காற்று வரும் திசைக்குத் தலையைத் திருப்புவது யா மோட்டார்களின் வேலை. ஒருமுறை தலைமேல் இருந்த திசைகாட்டியை மாற்றியபோது அதை நேர்க்கோட்டில் சரியாகப் பொருத்தாமல் விட்டோம். பிழைக்குறி எதுவும் வரவில்லை, இயந்திரம் அழகாகச் சுற்றியது. ஆனால் பக்கத்து இயந்திரத்தைவிட எப்போதும் கொஞ்சம் குறைவு. பத்து டிகிரி விலகினாலே நாலைந்து சதவீதம் போய்விடும். ஆடி முழுக்கப் போன பிறகுதான் இரண்டின் பதிவுகளையும் அருகருகே வைத்துக் கண்டுபிடித்தோம். அன்றிலிருந்து பக்கத்து இயந்திரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் எந்த எண்ணையும் நான் நம்புவதில்லை.

ஏழாம் படி: கம்பியில் ஏற்றுங்கள்

ஜெனரேட்டரில் பெரும்பாலும் 690 வோல்ட். டவர் அடியில் உள்ள டிரான்ஸ்பார்மர் அதை 33 கிலோவோல்ட் ஆக்கும், சப்ஸ்டேஷனில் 110-க்கு ஏறும். பெரிய அளவில் வெளியூருக்குக் கொண்டுபோகக் கயத்தாற்றில் 400 கிலோவோல்ட் துணைமின் நிலையம் இருக்கிறது. பழைய தூண்டல் ஜெனரேட்டர்கள் தங்கள் காந்தப்புலத்துக்கே மின்கட்டத்தை நம்பியவை. ஆகவே லைன் போனால் காற்று எவ்வளவு அடித்தாலும் அவை நின்றுவிடும். "காத்து இப்படி அடிக்குது, கரண்ட் போனா காத்தாடியும் நிக்குதே" என்ற கேள்விக்குப் பதில் இதுதான். புதிய இயந்திரங்கள் மின்னழுத்தம் சற்று நேரம் விழுந்தாலும் கழன்றுகொள்ளாமல் தாங்கி நிற்க வேண்டும் என்பது விதி.

ஐப்பசி கார்த்திகை இடிமழையை மறக்காதீர்கள். இறக்கை நுனியில் மின்னலை வாங்கும் உலோகப் பொட்டிலிருந்து அடித்தளத்து எர்த் வரை தொடர்ச்சி அறாமல் இருக்க வேண்டும். பாறை நிலத்தில் எர்த் தடை குறையவே குறையாது, கூடுதல் கம்பிகளைத் தூரம் இழுத்துப் புதைக்க வேண்டும். இதைச் சீசன் முடிந்ததும் அளந்துவிடுங்கள்.

எட்டாம் படி: நிற்கிற காத்தாடியைப் படியுங்கள்

இப்போது அண்ணாச்சியின் கேள்விக்கு வரலாம். ஒன்று மட்டும் நிற்கிறது என்றால் முதலில் இறக்கைகளைப் பாருங்கள். மூன்றும் கத்தி போல விளிம்பைக் காற்றுக்குக் காட்டி நின்றால் அது தானாக நின்றிருக்கிறது, அல்லது யாரோ நிறுத்தியிருக்கிறார்கள். தலை மட்டும் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தால், ஒரே பக்கமாகத் திரும்பித் திரும்பி டவருக்குள் முறுக்கிக்கொண்ட கேபிளைப் பிரிக்கிறது. கொஞ்ச நேரத்தில் ஓடும். கீழே ஜீப் நின்றால் மேலே ஆள் இருக்கிறார், சுற்றாததே நல்லது. சுற்றுவட்டத்தைப் பூட்டாமல் ஹப்புக்குள் யாரும் நுழையக் கூடாது, தனியாளாக ஏறவும் கூடாது. வரிசையே நின்றால் லைன் போயிருக்கும், அல்லது கம்பியில் இடமில்லை என்று உற்பத்தியைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். பின்வரிசை மட்டும் மென்காற்றில் நின்றால் முன்வரிசை காற்றைத் தின்றுவிட்டது.

இவை எதுவும் இல்லாமல் சீசனில் மூன்று நாள் தொடர்ந்து நின்றால், பெரும்பாலும் கியர்பாக்ஸ்தான். கிரேன் வர வேண்டும், காற்று குறைய வேண்டும். அந்த அண்ணாச்சி கை காட்டியதும் அப்படிப்பட்ட ஒன்றைத்தான். ஆவணி கடைசியில் விடிகாலை மூன்று மணிக்குக் காற்று அடங்கிய இரண்டு மணி நேரத்தில் புது கியர்பாக்ஸை ஏற்றினோம். மிச்ச வேலையும் முடிந்த பிறகு ஒரு காலையில் ஆடுகளோடு வந்தவர் அண்ணாந்து பார்த்தார், அது சுற்றிக்கொண்டிருந்தது.